இடவப்பாதி மழை

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டம் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். 2011 கணக்கெடுப்பிலேயே நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். இன்று பஸ் பாஸ், நோட்டு, காலை உணவு எல்லாம் இலவசம். அப்படியும் ஏழைப் பிள்ளைகள் சிலருக்குப் படிப்பில் அக்கறையே இல்லை. நீங்களும் வறுமையில் படித்து முன்னேறியவர்தானே? அவர்களுக்கு ஊக்கம் தர என்ன புத்தகங்கள் கொடுக்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

எழுத்தறிவுக் கணக்கை விடுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனும் அதற்குள்தான் இருக்கிறான். பிள்ளைகளுக்காக மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிற நீங்களே ‘அக்கறை இல்லை’ என்று எழுதலாமா? அதற்கு என்னைச் சாட்சிக்கு வேறு இழுத்திருக்கிறீர்கள்.

குலசேகரத்தில் என்னோடு படித்த ஒருவன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். விடியுமுன் அப்பாவோடு ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போய்விட்டு, கையில் உறைந்த ஒட்டுப்பால் நாற்றத்தோடு வகுப்புக்கு வந்து தூங்குவான். அடியும் வாங்குவான். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. நம் ஊரில் பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். இடவப்பாதி மழை என்று நாம் சொல்கிற தென்மேற்குப் பருவமழையும் அப்போதுதான். நோட்டு வாங்க வேண்டிய மாதமும் அடுப்பு எரியாத மாதமும் ஒன்று. எட்டாம் வகுப்புக்கு அவன் வரவில்லை.

நான் மட்டும் எப்படிப் படித்தேன்? 1982இல் சத்துணவுத் திட்டம் வந்ததும், அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஆயா வேலை கிடைத்தது. சொற்பச் சம்பளம்தான், ஆனால் மழையானாலும் வெயிலானாலும் மாதாமாதம் வந்தது. என் விடாமுயற்சி, மண்ணாங்கட்டி எல்லாம் அதற்கு அப்புறம்தான். வறுமை என்னைப் புடம் போட்டது என்று நானும் மேடைகளில் பேசியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பும் பின்பும் அறிவுச் சோதனை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. கையில் காசில்லாத மாதங்களில் மோசமாகச் செய்த அதே ஆட்கள், கரும்புக்குப் பணம் வந்தபின் நன்றாகச் செய்தார்கள். வளர்ந்த மனிதனுக்கே இந்தக் கதி. ஏழாம் வகுப்புப் பையனிடம் போய் ஊக்கம் இல்லை என்கிறோம். என் கதையைத் தயவுசெய்து அவர்களிடம் சொல்லாதீர்கள். கூலி வராத வீட்டுப் பையன் அதைக் கேட்டு, குற்றம் தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்வான்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், இல்லையா? பிறகு எழுதுகிறேன். முதல் பீரியடில் தூங்குகிறவன் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று கேட்டீர்களா?