அலாரம் ஓயவில்லை என்றால் முதலில் எலக்ட்ரோடைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வார்டில் 12 படுக்கைகள். மானிட்டர் அலாரம் நாள் முழுக்க அடிக்கிறது. செவிலியர்கள் பாதியைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எல்லா மானிட்டரையும் மாற்றச் சொல்கிறார் ஏஜென்ட். மாற்றலாமா?

பதில்: இப்போது வேண்டாம். எலக்ட்ரோடு என்பது இதயத்துடிப்பின் மின்சைகையை மானிட்டருக்கு அனுப்ப நெஞ்சில் ஒட்டும் ஜெல் வில்லை. காய்ந்துபோன எலக்ட்ரோடைப் புது மானிட்டரில் மாட்டினால் அதுவும் அதே பொய்யைத்தான் சொல்லும். ஏஜென்ட் டெமோ காட்டுவது அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளிடம். வியர்த்துப் புரளும் நோயாளியிடம் காட்டச் சொல்லுங்கள்.

செவிலியர்களைக் குறை சொல்லாதீர்கள். அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை சிகிச்சை எதுவும் தேவைப்படாதவை என்று அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2013-லேயே எச்சரித்தது. இத்தனை பொய்யைக் கேட்ட காது, நிஜ அலாரத்துக்கும் தாமதமாகத்தான் திரும்பும்.

ஒரு ஷிப்ட் முழுக்க எந்தப் படுக்கை, என்ன அலாரம் என்று தாளில் கோடு போடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று படுக்கைகளே கத்திக்கொண்டிருக்கும்.

எலக்ட்ரோடைத் தினமும் மாற்றுங்கள். முடியை மழித்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாக உலர்த்தி ஒட்டுங்கள். ஸ்பிரிட் தோலைக் காயவைக்கும், வேண்டாம். பிரித்த பாக்கெட் திறந்தே கிடந்தால் ஜெல் காய்ந்துவிடும். பிபி கஃப் கட்டிய கையிலேயே சாச்சுரேஷன் புரோப் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டுவது) மாட்டாதீர்கள்; கஃப் இறுகும்போதெல்லாம் ரத்த ஓட்டம் நின்று அலாரம் அடிக்கும். தூக்கத்தில் நிமிடத்துக்கு 48 துடிப்பு வழக்கமாக உள்ளவருக்கு, 50-க்குக் கீழே போனால் அலாரம் என்ற எல்லை எதற்கு? மருத்துவரிடம் கேட்டு, ஆளுக்கு ஏற்ப எழுதி வாங்குங்கள்.

பேஸ்மேக்கர் (மின்துடிப்பு அனுப்பி இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவி) வைத்தவர் விஷயம் வேறு. இதயம் நின்ற பிறகும் பேஸ்மேக்கர் மின்துடிப்பு அனுப்பும். மானிட்டர் அதையே இதயத்துடிப்பாக எண்ணி, திரையில் 70 என்று காட்டி, அலாரமே அடிக்காமல் இருந்துவிடக்கூடும். அட்மிஷன் போடும்போதே மானிட்டரில் 'பேஸ்' அமைப்பை (பேஸ்மேக்கரின் மின்துடிப்பைப் பிரித்தறிய உதவுவது) ஆன் செய்யுங்கள். அது மட்டும் போதாது. புரோப் காட்டும் நாடித்துடிப்பையும் சேர்த்துப் பாருங்கள், கையால் நாடி பிடியுங்கள். இவருக்கு அலாரம் அடிக்காததை நம்பவே கூடாது.

மானிட்டருக்குக் கையெழுத்துப் போடும் கொள்முதல் குழு எலக்ட்ரோடு இன்டென்டை (வார்டு எழுதிக் கேட்கும் பொருள் பட்டியல்) மட்டும் பாதியாக வெட்டும். அசம்பாவிதம் நடந்தால் மெமோ செவிலியருக்கு வரும். அதனால் வெட்டிய இன்டென்டின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

'சத்தத்தைக் குறைத்துத் தருகிறேன்' என்று சர்வீஸ் ஆள் பட்டனில் கை வைக்க விடாதீர்கள். அவர் போனபின் எல்லைகள் பழையபடி இருக்கின்றனவா, ஒலி செவிலியர் மேசைவரை கேட்கிறதா என்று படுக்கை படுக்கையாகப் பாருங்கள்.