பிரேக் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குவது ஏன்?

சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது பெடல் தானாகத் தரையை நோக்கி இறங்கினால், பிரேக் ஆயிலில் அழுத்தம் தங்கவில்லை என்று பொருள். சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்தால் கைப்பிடி லேசாக இறங்கும், டியூபில் காற்று ஏறாது. அதே கதைதான். பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, ஆயில் பின்பக்கமாக நழுவுகிறது.

சோதிப்பது எளிது. இன்ஜினை அணைத்து, பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரில் உள்ள வெற்றிடம் தீர்ந்து பெடல் கெட்டியாகும். அப்படியே 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். இறங்கினால் கோளாறு உண்டு. பெடலை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் சற்றே தாழ்வது இயல்பு, பயப்பட வேண்டாம்.

அடுத்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் வெளிக்கசிவைத் தேடுங்கள்: சக்கரங்களின் உட்புறம், ஹோஸ் இணைப்புகள், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடம். கடைசியாகச் சொன்ன இடத்தில் ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின்சீல் போய்விட்டது. அளவு குறையவே இல்லையென்றால் பெரும்பாலும் உள்சீல்தான். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வால்வு கசிவது அபூர்வம்.

சீல் கிட் போடுவதைவிட மாஸ்டர் சிலிண்டரை முழுதாக மாற்றுவதே நல்லது. உட்சுவர் கீறியிருந்தால் புதுச் சீலும் சீக்கிரம் கிழியும். டப்பா மூடியில் குறித்துள்ள டாட் 3 அல்லது டாட் 4 ரக பிரேக் ஆயிலை ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் பிரேக் லைனில் உள்ள காற்றை எடுக்க (ப்ளீட் செய்ய) வேண்டும். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள்.

‘லைனில் காற்று, ப்ளீட் செய்தால் போதும்’ என்பார்கள். காற்று இருந்தால் பெடல் பஞ்சுபோல அமுங்கும், இப்படி நிதானமாக இறங்கிக்கொண்டே போகாது.