ஏலகிரி ஏரிக்கரைக் குடில்: வாடகை குறைய

சனிக்கிழமையை விட்டுவிட்டு, ஞாயிறு மதியம் மலையேறி திங்கள் இறங்குங்கள். புங்கனூர் ஏரி பக்கம் நாலு பேருக்கு மரக்குடில் கட்டுப்படியாகவில்லை என்று கேட்டிருந்தீர்களே, நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான்.

சனிக்கிழமை விலை ஏறுவதற்குப் பெரும்பாலும் பெங்களூரு, சென்னைக் கூட்டம்தான் காரணம். கோடை விழா சமயம் கேட்கவே வேண்டாம்.

முன்பணம் கட்டும் முன் கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தை வைத்து, குடிலிலிருந்து ஏரி எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். விளம்பரப் படத்தில் ஏரி தெரியும், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜ் சுவர் தெரியும்! என்னைக் கேட்டால், அத்தனாவூரில் சாதாரண அறை எடுத்துவிட்டு ஏரிக்கு நடந்தே போய்விடுவேன். இரவில் தூங்கத்தானே போகிறோம், மரச்சுவருக்குத் தனிக் காசு எதற்கு?

வேலூரிலிருந்து கார் வேண்டாம். காட்பாடியில் ரயில் ஏறி ஜோலார்பேட்டை, அப்புறம் பஸ்ஸோ ஆட்டோவோ. மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள், அதனால் பிள்ளைகளுக்கு டிபனைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

ஒன்று மட்டும்: ஜலகாம்பாறை அருவியை நம்பிக் கோடையில் திட்டம் போடாதீர்கள். நல்ல மழைக்குப் பிறகுதான் அங்கே தண்ணீர் விழும்.