பூர்வீக வீடு பாரம்பரியக் கட்டடம் ஆகுமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. பர்மாவில் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போய்ச் சம்பாதித்த என் பாட்டையா கட்டியது. இப்போது 14 புள்ளிகளுக்கு, அதாவது கல்யாணமான ஆண் வாரிசுகளின் குடும்பங்களுக்கு, அதில் பங்கு. பாதிப் பேர் விற்றுவிடலாம் என்கிறார்கள். பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கச் செய்து காப்பாற்ற வேண்டும் என்பது மற்றவர்கள் விருப்பம். முகப்பில் 1990களில் கிரானைட் பதித்துவிட்டார்கள். முன்பக்கக் கூடமான பட்டாலையின் தூண்கள் இரண்டு விற்றாகிவிட்டது. வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டு இடிந்து கிடக்கிறது. இந்த வீட்டுக்கு அந்தத் தகுதி உண்டா? எங்கள் வீடு என்பதால்தான் எங்களுக்கு அப்படித் தோன்றுகிறதா?

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைக் கேட்டுக்கொள்ளாமல்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. பிறந்த வீட்டின் மேல் பற்று இருப்பது இயல்பு. ஆனால் பாரம்பரியப் பட்டியலில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கும்போது கேட்க வேண்டியது, அந்த வீடு நாளைக்கு இல்லாமல் போனால் உங்கள் குடும்பத்துக்கு வெளியே யாருக்கு இழப்பு என்பதுதான். தெருவுக்கு, ஊருக்கு, செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு ஏதாவது குறையுமா? குறையும் என்று சான்று காட்டிச் சொல்ல முடிந்தால் தகுதி உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டதுமே, சுற்றியிருப்பவர்கள் யாரும் செங்கல் வைக்க முடியாது என்று அக்கம்பக்கத்தில் பயப்படுவார்கள். அந்தப் பயம் வேறொரு சட்டத்திலிருந்து வருகிறது. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ளவற்றைத் தேசிய முக்கியத்துவம் உடைய சின்னங்களாக அறிவிக்கலாம். அப்படி அறிவித்த சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டுத் திருத்தம். கோயில், கோட்டை போன்றவற்றுக்கான ஏற்பாடு அது. மக்கள் குடியிருக்கும் வீட்டுக்கு நாம் நாடுவது உள்ளூர் அளவிலான பட்டியல். அதில் வீடு உங்களுடையதாகவே இருக்கும். அங்கே குடியிருக்கலாம், கல்யாணம் செய்யலாம். இடிப்பதற்கும் தோற்றத்தை மாற்றுவதற்கும்தான் ஒப்புதல் கேட்க வேண்டிவரும்.

இந்தியாவில் இந்த வகை உள்ளூர் விதிகளுக்கு வழிகாட்டியது மும்பை. 1995-இல் அங்கே வந்த விதிகள் கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்தன. நாட்டளவில் முக்கியமானவை முதல் தரம், வட்டார அளவில் முக்கியமானவை இரண்டாம் தரம், தனியாகப் பெரிய சிறப்பு இல்லாவிட்டாலும் தெருவின் முகத்தைத் தாங்கி நிற்பவை மூன்றாம் தரம். இந்த மூன்றாவது வகையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு தெருவில் நாற்பது வீடுகள் ஒரே உயரத்தில் திண்ணை வைத்து நிற்கும்போது நடுவில் ஒன்றை எடுத்துவிட்டுக் கண்ணாடிச் சுவர்க் கட்டடத்தை வைத்தால் மற்ற முப்பத்தொன்பதும் சேர்ந்து கெடுகின்றன. எனவே உங்கள் வீட்டைக் கானாடுகாத்தான் அரண்மனையோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம்.

தகுதியை நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். செட்டிநாட்டு வீடு என்றதும் பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று எல்லோரும் அடுக்குவார்கள். இவையெல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். இடித்த வீடுகளின் தூண்களும் நிலைகளும் கதவுகளும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன. கடையில் வாங்கக்கூடிய பொருளை வைத்து ஒரு வீட்டின் மதிப்பைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அங்கே கிடைக்காத ஒன்று உண்டு. அது வீட்டின் அமைப்பு. ஒரு தெருவில் திண்ணையோடும் முகப்போடும் தொடங்கி, பட்டாலை, முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும் கொண்ட வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோட்டில் ஓடி, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கிறது. தலைவாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் தெரிய வேண்டும். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. ஆண்கள் கடல் கடந்து போன வீட்டில் பெண்கள் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள், உறவு எப்படிப் பங்காகியும் பிரியாமல் இருந்தது என்பதை அந்த அறை வரிசைதான் சொல்கிறது.

மழை நாளில் வளவில் நின்று பாருங்கள். நாலு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில் இறங்குவது தனியாகத் தெரியும். முற்றத்துக் கல்லில் மெல்லிய சரிவு இருக்கும், மூலையில் துளை இருக்கும். அங்கிருந்து போகும் நீர் தெருவோர வாய்க்காலைச் சேர்ந்து ஊருணிக்குப் போகும்படிதான் இந்த ஊர்களை அமைத்தார்கள். உங்கள் முற்றத்துத் துளை அடைபடாமல் இருக்கிறதா, அல்லது யாராவது சிமெண்டு ஊற்றி மேடாக்கிவிட்டார்களா? எனக்கு இந்தத் துளை, செதுக்கிய கதவைவிட முக்கியம். அது வேலை செய்கிற வீடு இன்னும் ஊரோடு தொடர்பில் இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்து உங்கள் மூன்று குறைகளைப் பார்ப்போம். கிரானைட் பதித்தது குறைதான், ஆனால் தீராத குறை இல்லை. ஓர் ஓரத்தில் ஒரு பலகையை மட்டும் கவனமாகப் பெயர்த்துப் பாருங்கள். கீழே பழைய ஆத்தங்குடித் தரைக்கல் அப்படியே இருக்க வாய்ப்புண்டு. போய்விட்டிருந்தாலும், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிச் சிமெண்டு நிரப்பும் அதே முறையில் இன்றும் ஆத்தங்குடியில் செய்கிறார்கள். விற்ற தூண்கள் இரண்டும் திரும்பி வராது. அவை நின்ற இடத்தில் அடிக்கல் இருக்கிறதா, மேலே உத்திரத்தை இப்போது எது தாங்குகிறது என்று பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் தேக்குத் தூணை எடுத்த இடத்தில் தண்ணீர்க் குழாயை முட்டுக் கொடுத்திருந்தார்கள். குழாய் நுனியில் உத்திரம் ஒரு விரற்கடை உள்வாங்கியிருந்தது. அந்த வீட்டுக்குப் பட்டியலைவிட முதலில் தச்சர் தேவைப்பட்டார். மூன்றாங்கட்டு இடிந்தது வருத்தம். ஆனால் அதன் அடித்தளம் தெரிகிறது, பின்வாசல் நிலை நிற்கிறது என்றால், தெருவுக்குத் தெரு ஓடிய வீடு இது என்று இன்னும் காட்ட முடியும். அந்த இடத்தைச் சமதளமாக்கி வண்டி நிறுத்த விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வயது. தாத்தா சொன்னார் என்பது போதாது. வீடே நிறையச் சொல்லும். வாசல் நிலைக்கு மேலே, முகப்புச் சுதைவேலையில், ஆண்டு பொறித்திருக்கிறதா என்று ஏணி போட்டுப் பாருங்கள். பூவேலை செய்த மெருகு ஓடு சுவரில் இருந்தால், தளர்ந்த ஒன்றின் பின்புறத்தைப் பாருங்கள். ஜப்பான் முத்திரை இருந்தால் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் வந்தது. இரும்பு உத்திரத்தில் உருக்காலையின் பெயர் இருக்கும். டாட்டா என்று இருந்தால் அந்தப் பகுதியை 1912-க்கு முன் கட்டியிருக்க முடியாது, ஏனென்றால் ஜாம்ஷெட்பூர் ஆலையில் எஃகு உருவானதே அந்த ஆண்டில்தான். சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் முட்டை வெண்கருவும் சேர்த்துத் தேய்த்த பூச்சு முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக, வெயில் நேரத்திலும் குளிர்ச்சியாக இருக்கும். சிமெண்டு ஒட்டுப் போட்ட இடம் சொரசொரப்பாகத் தெரியும். அதைச் சுற்றி உப்புப் பூத்திருக்கும். சுண்ணாம்புச் சுவருக்குள் இருக்கும் ஈரத்தைச் சிமெண்டு வெளியே விடாததால் வரும் நோய் அது. பிறகு காகிதங்கள்: பழைய பத்திரம், பாகப்பிரிவினை ஆவணம், வீட்டு வரி ரசீது, கணக்குப் பேரேடு, முகப்பில் எடுத்த கல்யாணப் புகைப்படங்கள். புகைப்படத்தின் பின்னணியில் இன்று இல்லாத தூண் இருக்கும், பழைய தரை இருக்கும். அவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது.

வயது மட்டும் தகுதி ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் பொதுவாக 50 ஆண்டு எதிர்பார்க்கிறார்கள், நியூயார்க் நகரச் சட்டத்துக்கு 30 ஆண்டே போதும். ஆண்டுக் கணக்கு நுழைவாயில்தான். கானாடுகாத்தானில் விசாலம் என்ற வீடு ஆர்ட் டெகோ பாணியில் கட்டப்பட்டது, தேக்குத் தூண் வரிசைகளின் காலத்துக்குப் பிந்தியது. அதை யாராவது குறைத்து மதிப்பிட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரங்கூனிலிருந்து திரும்பிய தலைமுறை எதை நவீனம் என்று எண்ணியது என்பதற்கு அது சான்று.

வீட்டோடு ஒட்டிய மனித வாழ்க்கையையும் எழுதுங்கள். பெரிய மனிதர் பிறந்த வீடாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுடையது படைப்பு வீடா? பங்காளிகள் எல்லோரும் கூடிப் படைக்கும் வழக்கம் இன்னும் நடக்கிறதா? வெளியூரில் இருப்பவர்கள் கல்யாணத்துக்கு இங்கேதான் வருகிறார்களா? பூட்டிக் கிடக்கும் பெரிய மாளிகையைவிட, ஆண்டில் நான்கு நாளாவது அடுப்பு எரியும் நடுத்தர வீட்டின் பக்கம்தான் நான் பேசுவேன். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை இந்தியா 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது தனி மாளிகை ஒன்றைக் குறிப்பிடவில்லை. வணிகர்களின் ஊர்கள் என்றே சேர்த்தது. உங்கள் ஊர் அதில் உண்டா இல்லையா என்பதைவிட, அந்தப் பார்வை உங்களுக்கு உதவும்.

சட்ட வழியைப் பற்றி. பாரம்பரியக் கட்டடங்களுக்கென ஆணையம் அமைக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2012-இல் இயற்றியது. சென்னையில் அதற்கு முன்பே நீதிபதி பத்மநாபன் குழு 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பட்டியலிட்டிருந்தது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரிய ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எழுதி வைத்த பதிவு இருந்தால் வாதாட இடம் இருக்கும். எனவே விண்ணப்பம் எந்த மேசைக்குப் போனாலும், தொல்லியல் துறையோ மாவட்ட நிர்வாகமோ, உங்கள் கையில் முழு ஆவணக்கோப்பு இருக்க வேண்டும். பட்டியலில் சேர்ந்ததும் பராமரிப்புப் பணம் வந்துவிடும் என்று மட்டும் எண்ணி இறங்காதீர்கள். கோத்தமங்கலம் சாரதா விலாஸை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள் புதுப்பித்து விடுதியாக நடத்துவதைப் போல, வீடு தன் செலவைத் தானே தேடிக்கொள்ள ஒரு வழி யோசிக்க வேண்டும். முகப்பும் பட்டாலையும் மட்டும் விருந்தினருக்கு, வளவு குடும்பத்துக்கு என்று வைத்துக்கொள்ளவும் முடியும்.

கடினமான பகுதி பங்காளிகள்தான். 14 புள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் புள்ளிக் கணக்கு ஆண் வாரிசு வழியில் வருவது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை உண்டு. சட்டப்படி யார் யாருக்குப் பங்கு என்று வழக்கறிஞரை வைத்துத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விற்க வேண்டும் என்பவர்களை எதிரிகளாகப் பார்க்காதீர்கள். அவர்களில் ஒருவருக்கு மகன் படிப்புச் செலவு இருக்கலாம். அவர்கள் பங்கை மற்றவர்கள் வாங்கிக்கொள்ள முடியுமா என்ற பேச்சு, பாரம்பரியம் பற்றிய பேச்சுக்கு முன்னால் வர வேண்டும். கையெழுத்து இல்லாமல் சிலர் மட்டும் ஓடி விண்ணப்பித்தால் நடக்கப்போவது வழக்குதான். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் ஓடு மாற்ற ஆள் இருக்காது.

உங்கள் கடிதத்தை வைத்து என் கருத்து: வளவும் இரண்டாங்கட்டும் அறை வரிசை மாறாமல் இருந்து, முற்றத்து நீர் வழியும் இருந்தால், உள்ளூர் அளவில் இரண்டாம் தரத்துக்குக் கேட்கலாம். வளவை மூடிக் கான்கிரீட் போட்டு அறைகளை உடைத்திருந்தால் முகப்புக்காகவும் தெருவுக்காகவும் மூன்றாம் தரம் கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் அந்த வீட்டை முழுதாக அளந்து, வரைந்து, படம் எடுத்து வைத்துவிட்டு விடைபெறுவது நேர்மை.

எதுவானாலும் இந்த ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. இனி ஒரு பொருளும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று எல்லோரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கட்டடக்கலை படிக்கும் மாணவர்களை அழைத்து ஒவ்வோர் அறையையும் அளந்து வரையச் செய்யுங்கள். கூரையில் ஏறத் தெரிந்த ஒரு கொத்தனாரை அழைத்து கூடல்வாய்த் தகட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த ஓடுகளுக்குப் பதிலாக, இடிந்த மூன்றாங்கட்டில் கிடக்கும் பழைய ஓடுகளையே பொறுக்கி அடுக்கச் சொல்லுங்கள்.