கன்னடியன் கால்வாயும் இயங்குதளமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேரன்மகாதேவியில் மே மாதம் பத்து நாள் கோடை முகாம் நடத்துகிறோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர் வருகிறார்கள். அரசு முன்பு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் ஆறு கிடைத்திருக்கின்றன. ஓய்வுபெற்ற கணித ஆசிரியனான என்னிடம் இயங்குதளம் (விண்டோஸ், லினக்ஸ் போல, கணினியில் மற்ற நிரல்களை நடத்தும் அடிப்படை நிரல்) பற்றிய வகுப்பை ஒப்படைத்துள்ளனர். வரையறை, வகைகள், வரலாறு என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். இந்த வரிசை சரியா? லினக்ஸை நிறுவவும் கற்றுக்கொடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

அந்த வரிசையை நானும் ஒருமுறை நம்பினேன். பாளையங்கோட்டையில் ஒரு முகாமில், 1969இல் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்தது தொடங்கி 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது வரை ஒரு மணி நேரம் பேசி முடித்தபோது, பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்போ திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருந்தா உள்ள என்ன நடக்கு சார்?" என்று கேட்டான். நான் பேசியதில் ஒரு வரிகூட அதற்குப் பதிலாகவில்லை.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கன்னடியன் கால்வாய் தெரியும். தலைமடைக்காரர் மடையை அடைக்காவிட்டால் கடைமடை வயல் காயும் என்பதும் தெரியும். அங்கிருந்தே தொடங்குங்கள். தண்ணீரின் இடத்தில் கணினியின் செயலியை (ப்ராசஸர்) வைத்துக்கொள்ளுங்கள்; வயல்களின் இடத்தில் நிரல்கள். 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் ஒவ்வொரு நிரலும் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்த நிரலுக்கு முறை வரும். ஒன்று சிக்கிக்கொண்டால் கணினியே உறைந்து நிற்கும். இன்றைய இயங்குதளம் அப்படிக் காத்திருப்பதில்லை, நேரம் முடிந்ததும் செயலியைப் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் இந்த உவமை ஓரிடத்தில் உடையும். பாடத்தின் சுவையே அந்த இடத்தில்தான் இருக்கிறது. மம்பட்டியோடு வரப்பில் நிற்பவர் தண்ணீருக்கு வெளியே நிற்கிறார். இயங்குதளமோ தானும் ஒரு நிரல் என்பதால், அது ஓடுவதற்கும் அதே செயலிதான் வேண்டும். செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகைக் 'கோர்' என்பார்கள்; ஒரு கோரில் வேறு நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் அந்தக் கோரில் இயங்குதளம் ஓடுவதில்லை. பின் யார் பிடுங்குவது? வன்பொருளில் உள்ள ஒரு கடிகாரம் இடைமறித்து, செயலியை இயங்குதளத்தின் கையில் ஒப்படைக்கிறது. லினக்ஸில் இது பெரும்பாலும் நொடிக்கு 250 அல்லது 1000 முறை நடக்கும். இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு உடனே பதில் சொல்லாதீர்கள், ஒரு நாள் பிள்ளைகளை யோசிக்க விடுங்கள்.

மறுநாள் கண்ணால் காட்டுங்கள். முடிவின்றிச் சுழலும் இரண்டு வரிப் பைத்தான் நிரலை எழுதவைத்து, பக்கத்துச் சாளரத்தில், எந்த நிரல் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் 'டாப்' கட்டளையை ஓடவிடுங்கள். இரண்டு கோர் உள்ள கணினியில் இரண்டு சுழல்கள் ஓடினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூறு சதவீதம் காட்டும்; நான்கு ஓடினால் ஐம்பதை ஒட்டி இறங்கும். அப்போதும் சுட்டி நகரும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் சுழலைத் தானே நிறுத்தட்டும். அடுத்து, ஒன்றாம் எண் செயல்முறையை (லினக்ஸ் தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அனுமதியில்லை என்று மறுக்கும்போது வகுப்பில் எழும் சிரிப்போடு பயனர் உரிமைகள் பற்றிய பாடத்தையும் தொடங்கிவிடலாம்.

வட்டம் சுற்றுவது, பெரும்பாலும் அந்த நிரல் வன்வட்டிலிருந்தோ இணையத்திலிருந்தோ வரவேண்டிய தகவலுக்காகக் காத்திருப்பதால்தான். அதற்கு முறை கொடுத்துப் பயனில்லை என்பதால் இயங்குதளம் அதை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றைக் கவனிக்கிறது. அந்தப் பையனுக்கு இதை நான் மறுநாள்தான் சொன்னேன்.

நிறுவுவதைக் கடைசி இரண்டு நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அது உங்களுடையவற்றில் இன்னும் இருந்தால் முதல் எட்டு நாட்களுக்கு அதுவே போதும். வரலாற்றைப் பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்.

அந்த ஆறு கணினிகளிலும் மின்கலம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், முகாம் நடக்கும் அறையில் எத்தனை ப்ளக் பாயிண்ட் வேலை செய்கிறது என்பதை முன்னதாகவே போய்ப் பார்த்துவிடுங்கள்.