சுகர், பிரஷருக்கு வருபவரிடம் குடியைப் பற்றி எப்படிக் கேட்பது?

கேள்வி: கடலூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மாத்திரை வாங்க வருபவர்களில் யார் அளவு மீறிக் குடிக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தால் "நிறுத்துங்க" என்பதைத் தவிர வேறென்ன செய்யலாம்?

பதில்:

"குடிப்பீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் மனைவி நிற்பார், பின்னால் வரிசை நிற்கும். "எப்பவாச்சும்தாங்க, பழக்கமெல்லாம் இல்ல" என்ற பதில்தான் வரும். உப்பு, பீடி, ஹான்ஸ் பற்றிக் கேட்கும் அதே மூச்சில், அதே குரலில், "சரக்கு எடுத்தா ஒரு தடவைக்கு எவ்வளவுண்ணே? கட்டிங்கா, குவார்ட்டரா, அதுக்கு மேலயா?" என்று அளவாகக் கேளுங்கள். அளவைக் கேட்டால் அளவைச் சொல்வார்கள்.

அந்த அளவைக் கணக்காக மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். கடையில் விற்கும் பிராந்தி, ரம் எல்லாம் ஏறக்குறைய 42.8 சதவீதம். அதில் 30 மில்லியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கும், அது ஒரு யூனிட். கட்டிங் 90 மில்லி என்றால் மூன்று யூனிட், குவார்ட்டர் 180 மில்லி என்றால் ஆறு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் நான்கு யூனிட். ஆக, "நான் பிராந்தி தொடுறதில்ல சார், ரெண்டு பீர்தான்" என்பவர் ஒரு குவார்ட்டருக்கு மேல் குடிக்கிறார். நம் ஊரில் இன்னொரு கேள்வியும் அவசியம்: எங்கே குடிக்கிறார்? விலை குறைவு என்று புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வண்டியிலேயே திரும்புகிறவருக்கு, கல்லீரலுக்கு முன்பே ரோடு ஆபத்து.

குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் ஆடிட் (AUDIT) வினாத்தாளில் பத்து கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். கூட்ட நேரத்தில் முதல் மூன்று போதும்: எத்தனை நாளுக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு எவ்வளவு, ஒரே தடவையில் ஆறு யூனிட்டோ அதற்கு மேலோ எத்தனை முறை. அந்த ஆறு யூனிட் நம் கணக்கில் சரியாக ஒரு குவார்ட்டர். மூன்றிலும் சேர்த்து ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தால் மீதி ஏழையும் கேளுங்கள். மொத்தம் 8 முதல் 15 வரை என்றால் ஐந்து நிமிட ஆலோசனை, 16 முதல் 19 வரை என்றால் ஆலோசனையோடு தொடர்ந்து வரவழைப்பது, 20-ஐத் தொட்டால் அடிமைநிலை இருக்கிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் உபதேசம் வேண்டாம். அவருடைய நோயை எடுத்துப் பேசுங்கள். ரெண்டு மாத்திரை போட்டும் பிரஷர் 160-க்குக் கீழே வரவில்லை என்றால், குடியும் ஒரு காரணம் என்றும், குறைத்தால் சில வாரங்களிலேயே இறங்கலாம் என்றும் சொல்லுங்கள். கிளிமிபிரைடு போடும் சுகர்காரர் சாப்பிடாமல் குடித்தால் ராத்திரியில் சுகர் தாழ்ந்துவிடலாம். வியர்த்து, உளறி, மயங்கிக் கிடப்பவரைப் பார்த்து வீட்டில் "போதையில தூங்குறாரு" என்று விட்டுவிடுகிறார்கள். இதை மனைவியிடமும் சொல்லிவையுங்கள். அப்புறம், "எத்தனை நாளைக்குக் குடிக்காம இருந்து பாக்கலாம்னு நினைக்கிறீங்க?" என்று அவரிடமே விட்டு, அவர் சொல்கிற எண்ணை அட்டையில் எழுதுங்கள்.

இனிமேல்தான் கவனம் வேண்டிய இடம். "காலையில எழுந்ததும் கை நடுங்குதா? ஒரு கட்டிங் போட்டாத்தான் நிக்குதா?" என்று கட்டாயம் கேளுங்கள். "போன கார்த்திகையில மாலை போட்டீங்களே, முதல் மூணு நாள் எப்படி இருந்தது?" என்று கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வலிப்பு என்று ஏதாவது சொன்னால், அவரிடம் "இன்னையோட நிறுத்துங்க" என்று சொல்லவே கூடாது. கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்து திடீரென்று நிறுத்துகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம், 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்து ஆள் தெரியாமல் குழம்பி, இல்லாத பூச்சியைத் தட்டிவிடும் நிலை வரலாம். அந்த நிலையில் உயிரே போகலாம். டாக்டர் கண்காணிப்பில் குளோர்டயசிபாக்சைடோ, கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாமோ கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். முன்பு வலிப்பு வந்தவர், மஞ்சள் காமாலை, காய்ச்சல், குழப்பம் உள்ளவர், வீட்டில் துணை இல்லாதவர் ஆகியோரை அன்றைக்கே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ அனுப்புங்கள்.

"உடம்பு அசதியா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று இவர்கள் வந்து கேட்பார்கள். சாப்பாடு குறைந்த குடிகாரர் உடம்பில் பி1 சத்து, அதாவது தயமின், தீர்ந்துபோயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருப்பதும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம்: குழப்பம், நடைத் தள்ளாட்டம், கண் ஒரு பக்கமாக ஓடுவது. தயமின் 100 மில்லிகிராமாவது ஊசியாகப் போட்ட பிறகுதான் டிரிப். சுகர் தாழ்ந்து மயங்கி வந்தால் மட்டும் குளுக்கோஸுக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள், தயமினையும் கூடவே போடுங்கள்.

வீட்டுப் பெண்கள் உங்களைத் தனியாக ஓரம்கட்டி, "தெரியாம குழம்புல கலந்து குடுக்க ஒரு மருந்து இருக்காமே சிஸ்டர்?" என்று கேட்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அது குடியின் ஆசையைக் குறைப்பதில்லை. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கும். இதய நோய் இருந்தால் செத்தும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை நிற்காது. எல்லாம் தெரிந்து, தானே சம்மதித்துப் போடுகிறவருக்கான மருந்து அது. கோபப்படாமல் அந்த அம்மாவை உட்காரவைத்து இதை விளக்குங்கள். அடி உதை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், தனியாகப் பேச அந்த ஒரு சந்தர்ப்பம்தான் கிடைக்கும்.

ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் இருக்கின்றன. கல்லீரல், கிட்னி பார்த்து மனநல மருத்துவர் தேர்ந்தெடுப்பார். நம் வேலை, மாதா மாதம் மாத்திரை வாங்க வரும்போது அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது. மறுபடி குடித்துவிட்டு வந்தால் திட்டாதீர்கள், திட்டினால் பிரஷர் மாத்திரைக்கும் வரமாட்டார். எந்த நாளில், யாரோடு, எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரியில் ஆசை மிஞ்சினால் பேச, அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸின் 14416 என்ற இலவச எண்ணை மாத்திரைக் கவரின் மேலேயே எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே பேசலாம்.