1950-களின் டிவி நாடகங்கள் இன்று ஏன் மேடை நாடகம் போலத் தெரிகின்றன?

அவற்றில் பல நேரலையாக நடிக்கப்பட்டவை என்பதுதான் முதல் காரணம். 1954 டிசம்பரில் பிபிசி ஒளிபரப்பிய 'நைன்டீன் எய்ட்டி-ஃபோர்' நாடகத்தைப் பாருங்கள்; சர்வாதிகார ஆட்சியைப் பற்றிய ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவலைத் தழுவியது. ஞாயிறன்று நடித்தார்கள். மறுஒளிபரப்புக்காக வியாழனன்று எல்லோரும் திரும்ப வந்து முழுசாக நடித்தார்கள்! இன்று நாம் பார்ப்பது அந்த இரண்டாவது நடிப்பின் பதிவு. வசனம் தடுமாறினாலும் 'கட்' சொல்ல வழியில்லை.

ஆனால் தொழில்நுட்பத்தை விட, அன்று பார்த்தவர்களின் நிலைதான் முக்கியம் என்பேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒன்பதே வருடம். பிரிட்டனில் ஆளுக்கு இவ்வளவுதான் என்ற உணவு ரேஷன் கட்டுப்பாடு முடிந்ததே அந்த வருட ஜூலையில்தான். கதையில் வரும் தட்டுப்பாடும் இடிபாடுகளும் அவர்களுக்குக் கற்பனையே இல்லை, பழகிய வாழ்க்கை. நமக்கு மந்தமாகத் தெரியும் இதே நாடகத்தைப் பற்றி அன்று நாடாளுமன்றம் வரை பேச்சு போனது.